அடுப்போரத்துக் கையுறை

பழைய தோல் கையுறையின் உள்ளங்கையில் விரல்நுனியால் கொழுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஆர்டித். கட்டிலில் அவள் அப்பா லாய்ட் ஹேகன் வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்குத் தாண்டாது என்று நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அதை எதுக்குக்கா தொடுற? கண்ணு முழிச்சார்னா கத்துவார்" என்றான் தம்பி வெர்லின்.

"கத்தட்டும். கத்தத் தெம்பிருந்தா நல்லதுதானே."

அந்தக் கையுறை கெட்டது ஒன்பது வயதில் அவள் செய்த காரியத்தால். வாலிபத்தில் ஊர் அணிக்காக ஆடியபோது பந்து பிடிக்க அப்பா மாட்டிய பேஸ்பால் கையுறை மழையில் நனைந்து கிடந்தது. சீக்கிரம் காயட்டுமே என்று அடுப்பை ஒட்டி வைத்துவிட்டுப் படுத்தாள். விடிந்தபோது அப்பளம் போல விறைத்து, விரிசல் விட்டிருந்தது.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். கூடத்து அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி அதை வைத்தார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு சமைச்சது" என்று காட்டினார்.

இதில் கொடுமை என்னவென்றால், காய்ந்த தோலைத் தேற்றுவதுதான் அவருக்குத் தொழிலே. பழைய கையுறை சேர்க்கிறவர்கள், சேணம் சேர்க்கிறவர்கள் அயோவா மாநிலம் முழுக்க இருந்து அவரைத் தேடி வந்தார்கள். சருகாகக் கொண்டுவந்ததைக்கூடத் தூசி தட்டி, மெல்லிசாகக் கொழுப்பு பூசி, ஆறப்போட்டு, மறுபடி பூசி, மடங்கவைத்துக் கொடுத்துவிடுவார். ஊரார் வீட்டுத் தோலுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர் இதை மட்டும் நாற்பது வருஷமாகத் தொடவில்லை, தொடவிடவும் இல்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். இந்த மனுஷனை என்னவென்று சொல்வது!

அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் ஆர்டித் அதை அலமாரியிலிருந்து எடுத்தாள். அவர் கண் மூடுவதற்குள் கையில் மாட்டிவிட வேண்டும், 'சரியாயிடுச்சு' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கொழுப்பு வாசம் எட்டியதோ என்னவோ, கிழவர் கண்ணைத் திறந்தார்.

"அப்பா, பாருங்க. இப்போ மடங்குது." கையுறையை மூடித் திறந்து காட்டினாள்.

அவர் மூக்கு சுருங்கியது. "கொழுப்பு ஜாஸ்தி."

"ஒரு தடவை மாட்டித்தான் பாருங்களேன்."

கையுறை மாட்டுகிற இடது கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "செத்தது செத்ததுதான்" என்றார்.

பிறகு அவர் பேசவில்லை. மத்தியானம் போய்ச் சேர்ந்தார். ஆர்டித்துக்கு அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் ஆத்திரம்.

அடக்கத்தன்று சவப்பெட்டி திறந்திருந்தது. அவர் தேற்றிக் கொடுத்த கையுறைகளை ஆளாளுக்கு எடுத்துவந்து காட்டிப் பெருமை பேசினார்கள். ஒரு பெரியவர் அவள் தோளைத் தொட்டார். "தங்கமான கைம்மா உங்கப்பாவுக்கு. செத்த தோலும் எழுந்து உக்காரும்."

"ஆமா, அடுத்தவங்க தோலு" என்றாள். அவர் சாண்ட்விச் தட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

வெர்லின் காதோரம் வந்தான். "அந்தக் கையுறையைக் குடு. அவர் கையில மாட்டிடலாம். எல்லாரும் பாத்தா நல்லாயிருக்கும்."

"மாட்டேன்."

"செத்த மனுஷன்கிட்ட என்னக்கா வீம்பு?"

"வீம்பு பிடிச்சது நானா? கையை இழுத்துக்கிட்டதை நீயும்தானே பாத்த. வேண்டாம்னுட்டார்டா. விடு."

கல்லறைத் தோட்டத்தில் குளிர்காற்று அறுத்தது. பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் பெட்டி இறங்கியது. ஆர்டித் பையிலிருந்து கையுறையை எடுத்துத் தன் இடது கையில் மாட்டினாள். அவளுக்குக் கொஞ்சம் பெரிசு, ஆனால் மெத்தென்று இருந்தது.

"கழட்டுக்கா. எல்லாரும் பாக்கறாங்க." வெர்லின் பல்லைக் கடித்தான்.

அவள் கழற்றவில்லை. முதல் பிடி மண் பெட்டிமேல் விழுந்தது. வலது கையை மடக்கி, ஆட்டக்காரர்கள் பதம் பார்ப்பதுபோல, கையுறையின் பந்து பிடிக்கும் குழியில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். தோல் வெடிக்கவில்லை. இன்னொன்று விட்டாள்.