கடைசி நாலு நம்பர்

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் வேலை தம்பியுடையது, வாய் அக்காவுடையது. அவனுக்குச் சொல் தொண்டையில் நின்று நின்றுதான் வெளியே வரும். நின்ற இடத்திலிருந்து அக்கா எடுத்துக்கொண்டு போய் முடித்துவிடுவாள். "கே... கே..." என்பான். "கேஸ் தீர்ந்துபோச்சாம்" என்று வந்தவர்களிடம் சொல்லிவிடுவாள். சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்குள் நுழைந்தவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். கழற்றிப் போட்ட ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"சார், உங்க கார்டு இன்னிக்கு சாயங்காலத்தோட முடங்கிரும். அடுத்த நம்பர்?"

"ஏ... ஏ..."

"நிதானமா சொல்லுங்க சார். அவசரமே இல்ல."

"ஏழு."

"ஐயையோ, குடுக்காதடா! பேங்க்காரன் இல்லடா அவன்!"

தம்பி கையைத் தூக்கி அவளை நிறுத்தினான்.

"யார் சார் அது?" என்றது போன்.

"டி... டி.வி. சார்."

அக்கா டி.வி. ஆனது அன்றைக்குத்தான்.

"இன்னும் நாலே நாலு நம்பர் சார்!"

"அது அ... அழிஞ்சிருக்கு சார். புதுக் கண்ணாடி ஞா... ஞாயித்துக்கிழமை வருது. பத்து மணிக்குக் கூப்பிடுங்க."

"சார், இன்னிக்கே முடங்கிரும்னு சொல்றேன்!"

"மு... முடங்கட்டும் சார்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "பத்து மணிக்கு மறக்காம எடுங்க சார்."

போனை வைத்ததும் அக்கா பாய்ந்தாள். "எந்தக் கார்டுடா? எங்க இருக்கு, குடு!"

ஃப்ரிட்ஜின் பின்புறம், கம்ப்ரஸர்மேல் ஒட்டியிருந்த நம்பர் தகட்டை விரலால் தட்டிக் காட்டினான். "இ... இந்தக் கார்டு."

அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தூக்கு ஆடியது. "வேற வேலை இல்லையா உனக்கு?"

"ஒரு மாசமா இ... இதுதான். பரிசுக்காரன், பா... பார்சல்காரன், எல்லாரும் பழக்கம்."

"எதுக்குடா?"

"நான் சொல்லி மு... முடிக்கிற வரைக்கும் காத்திருக்கறது இ... இவங்க மட்டும்தான்க்கா."

எடுத்து முடிப்பதற்காகவே திறந்த அக்காவின் வாய் அப்படியே நின்றது. அவனே முடித்துவிட்டிருந்தான்.

அப்புறம் விஷயம் மெதுவாக வந்தது. மருந்துக்கடைப் பெண்ணை அவனுக்குப் பிடிக்கும், அவளுக்கும் அவனை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பெண் கேட்கச் சொல்லியிருக்கிறாள். ஆனால் கேட்பது அவனாக இருக்க வேண்டும், அக்காவாக இருக்கக் கூடாது. அவள் அப்பா காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். மூன்று எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்.

"நான் வாயைத் திறந்தா என்னன்னு கேளு" என்றாள் அக்கா.

"தி... திறப்பே."

ஞாயிறன்று ஏலக்காரர் வீட்டு வாசலிலேயே அக்கா ஒரு பெப்பர்மிண்டை வாய்க்குள் அடக்கிக்கொண்டாள்.

"வாங்க, உக்காருங்க, டீயா தண்ணியா ரெண்டுமா, சொல்லுப்பா என்ன விஷயம்?" ஏலக்காரருக்கு எல்லாம் ஒரே மூச்சில்.

"ஐயா, உ... உங்க..."

"ஃப்ரிட்ஜா? நல்லாத்தானே ஓடுது!"

"இ... இல்ல. உங்க பொ... பொ..."

"பொட்டியா? பொருளா? என்னம்மா சொல்றான் உன் தம்பி?"

முழு வாக்கியமும் அக்காவின் நாக்கு நுனியில் நின்றது. பெப்பர்மிண்ட் நொறுங்கியது. "அவனே சொல்லுவான்" என்றாள். உள்ளறைத் திரையை உள்ளிருந்து ஒரு கை இறுகப் பிடித்தது.

அப்போது தம்பியின் போன் அடித்தது. மணி பத்து.

"எடு, எடு, அடிக்கவிட்டா எனக்குப் பிடிக்காது" என்றார் ஏலக்காரர்.

பதற்றத்தில் தம்பியின் விரல் ஸ்பீக்கரையும் சேர்த்து அழுத்திவிட்டது.

"சார், கண்ணாடி வந்துருச்சா?"

பழகின குரலைக் கேட்டதும் தம்பியின் தோள் இறங்கியது. முகம் தெளிந்தது. "சார், கொ... கொஞ்சம் லைன்ல இருங்க. நான் ஒரு பொண்ணைக் கட்டிக்கணும்னு அவங்க அப்பாகிட்ட கே... கேக்க வந்திருக்கேன். கேட்டுட்டு நம்பர் சொல்றேன்."

ஏலக்காரரின் புருவம் மேலேறியது.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், மொதல்ல அந்த நாலு நம்பர்..."

ஏலக்காரர் எழுந்துவிட்டார். "யாருடா அவன், எம்பொண்ணு கல்யாணத்தை அப்புறம் பாத்துக்கலாம்கிறவன்?"

"கார்டு நம்பர் கேக்கற தி... திருடன்."

"குடு இங்க!" போனைப் பிடுங்கி மார்க்கெட் குரலை எடுத்தார். "நாலு நம்பர்! நயம் நம்பர்! அழுகல் இல்ல, சொத்தை இல்ல! என்ன விலை சொல்றே?"

"சார், நாங்க பேங்க்ல இருந்து..."

"பேங்க்கா! பெரிய பார்ட்டி! ஆயிரம் ஒரு தரம்!"

"ரெண்டாயிரம்!" அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"மூவாயிரம்!" என்றது திரை.

"மூவாயிரம் ரெண்டு தரம்! பேங்க் ஏன் பேசாம இருக்கு?"

"ஐயா, எனக்கு வேலை இருக்கு, ஆளை விடுங்க!" லைன் அறுந்தது.

ஏலக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். சிரித்த சிரிப்பில் வந்த கண்ணீர். பிறகு தம்பியைப் பார்த்தார். "நீ அவன்கிட்டதான் சொன்னே. என்கிட்ட இன்னும் கேக்கலை. கேளு. எண்ண மாட்டேன்."

தம்பி தொடங்கினான். 'பொ'வில் நின்றது. பழக்கதோஷத்தில் எண்ண எழும்பிய தன் கையை ஏலக்காரர் தொடைக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். அக்கா இன்னொரு பெப்பர்மிண்டுக்குப் பையைத் துழாவினாள், இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல் அசைந்தது, நகர்ந்தது, கடைசி எழுத்துவரை வந்து சேர்ந்தது.

"முடிச்சுட்டியா?"

"மு... முடிச்சுட்டேன்."

தொடைக்கடியிலிருந்து கை விடுதலையாகி முக்காலியில் விழுந்தது. "ஒரு தரம் ரெண்டு தரம்..."

"அப்பா! நான் என்ன மூட்டையா?" திரையைத் தள்ளிக்கொண்டு மருந்துக்கடைப் பெண் வந்து நின்றாள்.

"சரி சரி, நீயே சொல்லும்மா."

எல்லார் கண்ணும் அவள்மேல். அத்தனை நேரம் திரைக்குப் பின்னால் தயாராக வைத்திருந்த பதில் அவளுக்கு வாயில் வரவில்லை. முகம் சிவந்தது. அக்காவின் வாய் தானாகத் திறந்தது.

தம்பி அக்காவைப் பார்த்துக் கையைத் தூக்கினான். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினான்.

"நி... நிதானமா சொல்லுங்க" என்றான். "அவசரமே இல்ல."