மூத்தாரின் பெயர்

கடைசி ஒத்திகையிலும் தோர்கின் அந்த ஒரு சொல்லை மட்டும் முனகிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அல்மாத்தி வானொலியின் இசை ஆசிரியர் ரக்கிம் கையைத் தூக்கினார்.

"நிறுத்தும்மா. பேரை ஏன் முழுங்குற? தணிக்கையில அனுமதி வாங்கின பாட்டுல 'எசென்தாய்'னு இருக்கு. நீ பாடுறது 'ம்ம்ம்'னு இருக்கு."

எசென்தாய் அவள் கணவனின் அண்ணன். போருக்குப் போய்த் திரும்பாதவன். அவனை நினைத்துத்தான் கணவன் சாபிர் இந்தப் பாட்டைக் கட்டியிருந்தான். ஆனால் கணவனுக்கு மூத்தவர்களின் பெயர் எந்தக் கசாக் மருமகளின் வாயிலும் வராது. அவள் அவருக்கு வைத்திருந்த மாற்றுப்பெயர் 'மிர்ஸா அண்ணன்'.

"'மிர்ஸா அண்ணன்'னு பாடிடுறேங்க. தாளத்துக்கும் பொருந்துது."

"ஒரு எழுத்து மாறினாலும் என் தலை உருளும். நேரடி ஒலிபரப்பு இது. முடியலன்னா சொல்லு, வெளியில ரைஹான் காத்திருக்கா, அவ பாடுவா. அப்புறம் நீ கல்யாண வீட்டுலயும் ஆட்டுப்பட்டியிலயும் பாடிக்கலாம். இந்த மைக் பக்கம் வராதே."

மூலையில் மாமியார் கலம்பிர் வெள்ளை முக்காட்டுடன் தோர்கினின் கைக்குழந்தையை மடியில் ஆட்டிக்கொண்டிருந்தாள். பால் குடிக்கும் பிள்ளை. அதனால்தான் அவளையும் உள்ளே விட்டிருந்தார்கள்.

சாபிர் மடியிலிருந்த தோம்ப்ரா வாத்தியத்தின் தந்தியை முறுக்குவதுபோல் குனிந்தான். "பாடிடு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"நீங்க பேசிடுவீங்க. நாளைக்குக் கிணத்தடியில பேச்சு வாங்கப்போறது நான்."

"என்ன கிசுகிசுப்பு? குதிரை விலை பேசுறீங்களா?" என்றாள் கலம்பிர்.

தோர்கின் துணிந்து கேட்டாள். "அத்தை, நீங்களே சொல்லுங்க. பேரைச் சொல்லிப் பாடட்டுமா?"

கிழவியின் முகம் இறுகியது. சாவுச் செய்தி வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவளும் சொன்னதில்லை.

"என்னை ஏன் கேக்குற? நான் புள்ள தூக்க வந்தவ."

சிவப்பு விளக்கு எரிந்தது.

தோர்கின் பாடத் தொடங்கினாள். குரல் கணீரென்றுதான் எழுந்தது. ஊரில் ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் எல்லோரும் நிற்பார்கள். ஒவ்வொரு வரியாக அந்தச் சொல் நெருங்கியது. சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தாள். தாடை பூட்டிக்கொண்டது.

சாபிர் அதே மெட்டைத் திருப்பி வாசித்தான். மறுபடியும் வாசித்தான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ரக்கிம் கதவைத் திறந்து ரைஹானைக் கைகாட்டி அழைத்தார்.

"எசென்தாய்!"

பாட்டு இல்லை அது. தூரத்தில் விளையாடும் பையனைச் சாப்பிடக் கூப்பிடும் குரல். கலம்பிர் எழுந்து நின்றிருந்தாள்.

அந்தக் கூவல் நின்ற உயரத்திலேயே தோர்கின் அடுத்த வரியைப் பிடித்தாள். இரண்டாவது தடவை பெயர் வந்தபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைக்கை விட்டு விலகி நின்றாள். குழந்தையோடு நடந்து வந்த கிழவி இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.

விளக்கு அணைந்ததும் ரக்கிம் பாய்ந்து வந்தார். "யாரும்மா உங்களைப் பாடச் சொன்னது?"

"நான் எங்க பாடினேன்? என் புள்ளையக் கூப்பிட்டேன். உங்க காகிதத்துல இல்லாதது ஏதாவது சொன்னேனா?"

ரக்கிம் காகிதத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம்.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் இதே பாட்டுதான் தோர்கின். அம்மாவும் வரட்டும்."

கலம்பிர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. குழந்தையை மருமகள் கையில் வைத்தாள்.

"மொதல்ல இவனுக்குப் பால் குடு என் கண்ணே. பசியில என் விரலைச் சப்பிக்கிட்டிருக்கான்."