எங்கும் திறக்கிற குறிப்பு

மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அது முரண்டு பிடித்த ஒவ்வொரு முறையும் என்ன செய்து வழிக்குக் கொண்டுவந்தாள் என்று தன் லினக்ஸ் மடிக்கணினியில் எழுதிவைத்திருந்தாள். மூன்று வருடக் குறிப்புகள். தலைப்புக்கு நீலம், எச்சரிக்கைக்குச் சிவப்பு, நடுவே அழகான அட்டவணைகள்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் குறிப்புகளை எழுதும் மென்பொருளைப் புதுப்பித்தாள். அதோடு சரி, ஒரு குறிப்பும் திறக்கவில்லை. பழைய பதிப்பைத் தேடிப் போட்டு எல்லாவற்றையும் மீட்பதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. அடுத்த மாதம் அவளுக்கு முதுகில் அறுவை சிகிச்சை, ஆறு வாரம் விடுப்பு. வேறு மென்பொருள் பார்த்தே ஆகவேண்டும்.

ஒன்று பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் இணையம் இல்லாவிட்டால் வாய் திறக்காது. இன்னொன்று எல்லாம் செய்யும், அதைப் பழகவே ஒரு பிறவி போதாது. சமையலறை மேசையில் உட்கார்ந்து அண்ணியிடம் புலம்பினாள். அண்ணி ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவர்.

"யாருக்காக எழுதுற?" என்றார் அண்ணி.

"எனக்குத்தான். நான் லீவுல இருந்தா, அங்க வர்ற டெக்னீஷியனுக்கு."

"அவர்கிட்ட இந்த சாப்ட்வேர் இருக்குமா?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"பிழை திருத்தும்போது நாங்க ஓரத்துல ஒரு குறி போடுவோம். தலைப்புக்கு ஒண்ணு, தடிச்ச எழுத்துக்கு ஒண்ணு. அலங்காரம் அப்புறம். குறி புரிஞ்சா போதும்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெறும் எழுத்துக் கோப்பு, நடுவே சின்னக் குறிகள்; தடித்த எழுத்து வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் நட்சத்திரம். மார்க்டவுன் என்று அதற்குப் பெயர். போன வாரம்தான் 'இதில் என்ன இருக்கிறது' என்று ஒதுக்கியிருந்தாள். ஒரு பக்கம் எழுத்தையும் மறுபக்கம் அதன் அழகான வடிவத்தையும் காட்டும் ஓர் எளிய மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாள். அது இல்லாத இடத்திலும் கோப்பு திறக்கும்.

பத்து நாள் மாலையில் எல்லாவற்றையும் மாற்றினாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்.

"'வால்வைத் திருப்பவும்'னு இருக்கு. எந்தப் பக்கம்?"

"அது தெரியாதா அண்ணி?"

"எனக்குத் தெரியல."

வலப்பக்கம் என்று சேர்த்தாள். அப்படி நாற்பது இடங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள், படுக்கையில் இருந்தவளை அவளுக்குப் பதிலாக வந்திருந்த டெக்னீஷியன் போனில் கூப்பிட்டார்.

"மேடம், காலைல மெஷின் நின்னுடுச்சு. எட்டு பேர் காத்துட்டு இருந்தாங்க. வார்டு கம்ப்யூட்டரும் மக்கர். நீங்க அனுப்பின குறிப்பை என் போன்லயே திறந்தேன். அலாரத்தை நிறுத்திட்டு மறுபடி ஆன் பண்ணத்தான் போனேன். 'வடிகட்டியின் அழுத்தம் பார்க்காமல் ஆன் செய்யாதீர்கள்'னு ரெண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டிருந்தீங்க. பாத்தா, வடிகட்டி அடைச்சிருக்கு. மாத்திட்டேன். அரைமணி நேரம் லேட், அவ்வளவுதான். எல்லாருக்கும் நல்லபடியா முடிஞ்சுது."

போனை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அண்ணியின் கையைப் பிடித்தாள். அந்த எட்டுப் பேரில் பலரின் முகம் அவளுக்குத் தெரியும்.

"அண்ணி, நீங்க மட்டும் அன்னிக்குக் கேக்கலைன்னா..."

"வீட்டு மனுஷிகிட்ட என்ன நன்றி," என்று அண்ணி அவள் கண்ணைத் துடைத்துவிட்டு மடிக்கணினியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "உன்னால உக்கார முடியாது. இன்னிக்கு நடந்ததைச் சொல்லு, நான் அடிக்கிறேன்."

அவள் சொல்லச் சொல்ல, அண்ணி இரண்டே விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.