கதிர் கட்டிய கூடைகள்

1976 புரட்டாசியில் ஒரு காலை, சித்தூருக்குக் கிழக்கே ஆறுமுகசாமியின் நெல் களஞ்சியத்துக்கு வாசல் இல்லாமல் போனது. கதவு உடையவில்லை, யாரும் அடைக்கவும் இல்லை. முந்தின சாயங்காலம் வாசல் இருந்த இடத்தில் வெறும் மண்சுவர் இருந்தது. அதுவும் பச்சை பூத்து, தொட்டால் பிசைந்த மாவாக அமுங்கியது. அடியில் நெல் சரித்து எடுக்கிற, கை நுழையும் துவாரம் மட்டும் பழையபடியே இருந்தது. அந்த வாரம் தேங்காய் விலை இறங்கியிருந்ததால் ஊரில் பாதிப்பேருக்கு இது ஒரு சேதியாகவே படவில்லை. ஆனால் ஆறுமுகசாமி அறுத்தடித்த நெல் முழுக்கக் களத்தில் கிடந்தது. கிழக்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. நனைந்தால் அத்தனையும் முளைவிட்டுவிடும்.

எல்லாம் மனுஷனின் பெருமையால் வந்த வினை. அந்தக் குடும்பத்தில் களஞ்சியத்துக்குப் போகிற ஒவ்வொரு கூடையின் முன்விளிம்பிலும் நாலு கதிரைக் கட்டி, கதிர் முன்னால் போகும்படிதான் உள்ளே கொண்டுபோவார்கள்; போனதும் கதிரை அறுத்து ஓரமாகப் போட்டுவிடுவார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. மகள் கமலாத்தாள் கோயமுத்தூரில் பி.எச்டி. ஆராய்ச்சியில் சேர்ந்ததிலிருந்து ஆறுமுகசாமிக்குத் தலைகால் புரியவில்லை. "என்ற புள்ள விஞ்ஞானிங்க. இனி எங்கூட்ல இந்தக் கதிர் கட்டற கூத்தெல்லாம் கெடையாது" என்று சந்தையில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் வாசலைக் காணோம்.

விஞ்ஞானியோ அந்தச் சமயம் அழுது முகம் வீங்கி வீட்டுக்கு வந்திருந்தாள். இலையின் உயிரணுவுக்குள் சின்னச் சின்னப் பச்சை மணிகள் இருக்கின்றன. வெயிலை உணவாக்குவது அவைதான். அவற்றுக்கு வேண்டிய புரதங்களில் பல வெளியே தயாராகி உள்ளே போகின்றன. மணியைச் சுற்றி இரண்டு சவ்வு. அதைத் தாண்டி எப்படிப் போகின்றன என்பதுதான் கமலாத்தாளின் கேள்வி. மூன்று வருஷமாகப் பட்டாணி இலையை ஐஸில் வைத்து அரைத்தாள். வெளியே தயாராகும் புரதம், உள்ளே இருப்பதைவிட எப்போதும் ஒரு துண்டு நீளமாகவே வந்தது. கைப்பிழை என்று நினைத்து அந்த மிச்சத்தைப் பாடுபட்டு நறுக்கி, சுத்தமாக்கி மணிகளிடம் கொடுத்தாள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தீபாவளிக்குள் ஏதும் வராவிட்டால் இந்தத் தலைப்பை மூட்டை கட்டிவிட்டு வேறு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் பேராசிரியர் ஈஸ்வரமூர்த்தி. மூன்று வருஷமும் தண்ணீரில் போகப் போகிறது.

களத்தில் ஆட்கள் கூடை கூடையாகச் சுவரில் முட்டிப் பார்த்தார்கள். முட்டின கூடை அப்படியே திரும்பியது. பக்கத்துக் காட்டுக் காளிச்சாமி கடப்பாரையால் குத்தினார். சுவர் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தது. புருஷன் ஆறுமுகசாமி சந்தையில் பேசுவதைக் காதில் வாங்கும் வழக்கமே இல்லாத மருதாத்தாள், வருஷா வருஷம் செய்கிற மாதிரி கதிர் கட்டின கூடையோடு வந்து சுவரோரம் சாய்ந்தாள். கதிர் சுவரில் பட்டதும் நெல் உள்ளே இறங்கியது.

"ஏனுங்க, கூடை காலியாயிருச்சு" என்றாள்.

கமலாத்தாள் ஓடிப்போய்க் கீழ்த் துவாரத்தில் கையை விட்டாள். நெல்லோடு நாலு கதிரும் வந்தன. காம்பு ஒரே சீராக அறுபட்டிருந்தது. நார் முடிச்சு அவிழவே இல்லை. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு களத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்பா, நீங்க கதிர வேண்டாம்னீங்க. நான் அந்த நீட்டத்த நறுக்கிட்டனுங்க. ரெண்டு பேரும் ஒரே தப்பத்தான் பண்ணியிருக்கறோம்."

"அப்ப கட்டிரலாமா அம்மிணி?" என்றார் ஆறுமுகசாமி, சந்தைப் பேச்சை விழுங்கிக்கொண்டு.

"கட்டுங்கப்பா. வெரசாக் கட்டுங்க."

விஞ்ஞானியின் அப்பன் பல்லால் நார் கிழித்து, கூடைக்கு நாலு கதிராகக் கட்டினார். முதல் தூறல் விழுவதற்குள் கடைசிக் கூடையும் இறங்கிவிட்டது. கோயமுத்தூர் திரும்பிய கமலாத்தாள் புரதத்தை நறுக்காமல் அப்படியே கொடுத்தாள். அது உள்ளே போனது, போன இடத்தில் அந்தத் துண்டு கழன்றது. தலைப்பு மாறவில்லை. 1978இல் பட்டம் கிடைத்தது. களஞ்சியத்துக்கு வாசல் திரும்பி வரவேயில்லை, அதைப் பற்றி யாருக்கும் குறையும் இல்லை.

பட்டம் வாங்கிய பிறகு சித்தூர் பஸ்ஸில் எல்லோரும் அவளை டாக்டர் கமலாத்தாள் என்றார்கள். இருமலையும் வயிற்றுவலியையும் கொண்டுவந்து காட்டினார்கள். "இலைக்கு நோவு வந்தாச் சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வாசற்படி தாண்டும்போது பெயருக்கு முன்னால் இருந்த டாக்டர் கழன்று, உள்ளே தரையில் 'டக்'கென்று விழுந்தது. மருதாத்தாள் அதைப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, மாடத்தில், அன்று துவாரத்தில் வந்த நாலு கதிருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அங்கயே இருக்கட்டும். பஸ்ஸுக்குப் போறப்ப மாட்டிக்கலாம். வா கமலா, சோறு ஆறுது."

கமலா கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.