அறுபதாவது பெயர்

1989இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளாக மண்டபத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. நோயாளிகளைக் கூப்பிடும் பொறுப்பு அங்கே கணினி படிப்பித்த கமலாவதிக்கு. அதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். வருகிறவர்கள் பின்னால் சேருவார்கள். அவசரக்காரரை முன்னாலும் சேர்க்க வேண்டும். அதனால் இரண்டு முனையும் திறந்த 'டெக்' வரிசையை எடுத்து, அறுபது இடங்களை வட்டமாக ஒதுக்கியிருந்தாள்.

காலையிலேயே அறுபது பேரும் பதிந்தார்கள். முதல் ஆளைக் கூப்பிட முன்னம், வெல்டிங் தீப்பொறி கண்ணில் பட்ட பஞ்சலிங்கத்தைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கமலாவதி அவரை முன்னால் சேர்த்து உடனே உள்ளே அனுப்பினாள். பெருமையாகத்தான் இருந்தது.

மத்தியானம் வரிசையின் கடைசியில் பஞ்சலிங்கத்தின் பெயரே திரும்ப வந்தது. இரண்டுதரம் அடித்துவிட்டேனாக்கும் என்று விட்டுவிட்டாள். எல்லாரையும் பார்த்து முடிந்ததென்று டொக்டர் தியாகலிங்கம் கைகழுவப் போனார்.

கொழும்புத்துறையிலிருந்து வந்த பூரணம் சுவரைத் தடவித் தடவி மேசையடிக்கு வந்தார்.

"பிள்ளை, என்ரை பேரை இன்னும் கூப்பிடேல்லை."

கையில் அறுபதாம் இலக்கத் துண்டுச்சீட்டு.

"கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கேல்லைப் போலை, அம்மா."

"கண்தான் தெரியாது பிள்ளை. காது நல்லாக் கேக்கும்."

கமலாவதி புரோகிராமை வரிவரியாகப் பார்த்தாள். வட்டத்தில் ஒன்றாம் இடத்துக்கு முன்னால் இருப்பது அறுபதாம் இடம். அது காலியா என்று பார்க்க அவள் எழுதவே இல்லை. பஞ்சலிங்கத்தின் பெயர் பூரணத்தின் பெயரை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தது. டொக்டரிடம் ஓடினாள்.

"என்ரை பிழை டொக்டர். ஒராளைத் தவறவிட்டிட்டன்."

"ஒராள்தானே?"

"ஓம். நல்லாப் பாத்திட்டன்."

"கூட்டிக்கொண்டு வாரும்."

கால்மணித்தியாலம் கமலாவதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவு திறந்தபோது பூரணம் சிரித்துக்கொண்டு வந்தார்.

"கண்ணிலை வெண்புரையாம் பிள்ளை. ஒப்பரேசன் செய்தால் பார்வை வருமாம். இனி அரிசியிலை கல்லு நானே பொறுக்குவன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா."

"அதுதான் பாத்தாச்சே, விடு."

அடுத்த நாள் முகாம் வட்டுக்கோட்டையில். அன்றிரவே, எந்த முனையில் சேர்த்தாலும் முதலில் இடமிருக்கிறதா என்று பார்க்கும்படி அவள் இரண்டு வரி கூட்டி எழுதினாள். இடங்களையும் நூறாக்கினாள். நூறு பெயர் அடித்து, நூற்றியோராவதை முன்னால் தள்ளிப் பார்த்தாள். இடமில்லையென்று கணினி மறுத்தது. பின்னால் தள்ளினாள், அதற்கும் மறுத்தது.

"அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொல்லிக் கதிரையில் சாய்ந்தாள்.