வட்டமாகக் கிடந்த பெஞ்சுகள்

மலர்வளையத்தை வைத்துவிட்டுத் தலைமையாசிரியர் நிமிர்ந்தபோது, இறந்தவரின் மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். அவை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தன. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று எண்ணிக்கொண்டாள்.

ஆங்கில ஆசிரியரான அவள் கணவர் இதயநோயாளி. நேற்றுக் காலை, மணி அடிக்குமுன், வகுப்பறையில் தனியே பெஞ்சு இழுக்கும்போது சரிந்துவிட்டார். புதிய தேசியப் பாடத்திட்டம் கொண்டுவந்த வினை அது. ஆசிரியர் வாயைக் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து தமக்குள் ஆங்கிலத்தில் பேச வேண்டுமாம். பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் பெஞ்சுகள் வட்டமாகும். அவர் வண்டி வாசலைத் தாண்டியதும் வரிசைக்குத் திரும்பும். "பாடம் நடத்தச் சொல்லல, சந்தை நடத்தச் சொல்றாங்க" என்று கணவர் வீட்டில் நையாண்டி செய்வார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது பாருக்கா," என்று தம்பி காதோரம் முணுமுணுத்தான். "மாமாவ பெஞ்சு இழுக்க வச்சதே இந்த ஆளுதான். நீ சரின்னு சொல்லு, புகார் குடுத்துடலாம். வேலையே போயிடும்."

அவள் எழுந்து தலைமையாசிரியரிடம் போனாள்.

"நேத்து ஆய்வாளர் வர்றதா இருந்துச்சா, சார்?"

"இல்லம்மா. ஆய்வு போன வாரமே முடிஞ்சிருச்சு."

"அப்ப அவர யாரு இழுக்கச் சொன்னது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"யாரும் சொல்லலம்மா. சாயந்தரம் நான் ஆள விட்டு வரிசையாக்குவேன். காலையில பாத்தா வட்டமா கெடக்கும். பசங்க சேட்டைன்னு ரெண்டு பேர வெளிய கூட நிக்க வச்சேன். சார்தான்னு நேத்துத்தான் தெரிஞ்சுது."

"அவருக்குத்தான் இந்தத் திட்டமே புடிக்காதே?"

"எங்கிட்டயும் அப்படித்தான்மா சொன்னாரு."

செத்தவர் வந்து சாட்சி சொல்லமாட்டார் என்கிற துணிவில் பேசுகிறாரோ? அவள் அவரை உற்றுப் பார்த்தபடி நின்றாள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே குரல்கள் எழுந்தன. சீருடையில் வந்திருந்த மாணவர்கள் சுவரோரம் கூடி நின்று, தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் அவரைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரும் பெஞ்சு வட்டத்தில் தங்களோடு உட்கார்ந்து வாதாடித் தோற்றுப்போனதை ஒருத்தி சொல்ல, இன்னொருவன் மறுத்தான்; சார் வேண்டுமென்றேதான் தோற்றாராம்.

"எழவு வீட்டுல என்னடா இங்கிலீசு?" என்று தம்பி பாய்ந்தான்.

"விடு. பேசட்டும்."

"அக்கா, அந்தப் புகார்..."

"சாருக்குக் குடிக்கத் தண்ணி குடு."

ஜன்னலின் ஒரு கதவு சாத்தியிருந்தது. அவள் அதையும் திறந்துவிட்டு, அங்கேயே நின்றாள்.