மறியலுக்குப் போன அம்மா

சிவகுருநாதனுக்குத் தன் தமிழைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. யாழ்ப்பாணத்து மனிதர், ஆங்கிலமும் நன்றாக வரும். வளைகுடாவில் மங்காஃப் என்ற ஊரில் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் கிளார்க் வேலை. தொழிலாளர் கேம்ப்பில் இருந்த தமிழ்நாட்டு ஆட்கள் சொல்வதை மேனேஜருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதும் அவர்தான். "இவங்கட தமிழும் ஒரு தமிழோ?" என்று மனைவி பத்மாசனியிடம் சொல்லிச் சிரிப்பார்.

1985இல் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த ஒரு தேவாலயச் சங்கம் அவரை அனுப்பியிருந்தது. தங்கள் பணம் போன இடத்தில் தொழிலாளிகளை மனிதர்களாக நடத்துகிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு கேம்ப்பைச் சுற்றிக் காட்டினார். குடிக்கிற தண்ணீரில் டீசல் வாடை அடிக்கிறது என்று உடையப்பன் என்ற தொழிலாளி சொன்னான். அந்தம்மாள் அதை வாங்கிக் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். தென்னாப்பிரிக்கக் கறுப்பர்களுக்காக வாஷிங்டனில் அந்நாட்டுத் தூதரக வாசலில் போராடியதையும், அங்கே கைதானதையும் பிறகு சொன்னார்.

"இந்த அம்மா கறுப்புச் சனத்துக்காகத் தன்ர நாட்டிலை மறியலுக்குப் போனவ" என்று ஆட்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார் சிவகுருநாதன்.

யாழ்ப்பாணத்தில் மறியல் என்றால் சிறை. சிவகங்கைப் பக்கத்து உடையப்பனுக்கோ மறியல் என்றால் வழியை அடைத்து உட்காருவது. ஆட்களின் முகம் மலர்ந்தது. தன் மொழிபெயர்ப்பின் அழகுதான் காரணம் என்று நம் மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அந்தம்மாள் விமானம் ஏறிய மறுநாள் காலை, சைட்டுக்குப் போகிற பஸ்ஸின் முன்னால் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

சிவகுருநாதன் விழுந்தடித்து ஓடினார். "என்ன கூத்து இது? உங்களுக்கு என்ன விசரோ, பைத்தியமோ?"

"நீங்கதான சார் சொன்னீங்க, அந்தம்மாவே மறியலுக்குப் போச்சுன்னு? அவங்க ஊர்லயே செய்யறப்ப நாம செஞ்சா என்ன? நல்ல தண்ணி குடுக்கச் சொல்லுங்க, ஏறிடுறோம்" என்றான் உடையப்பன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

யார் தூண்டிவிட்டது என்று மேனேஜர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். ஒரு சொல் பிசகிவிட்டது, பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. விசா போனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போவது?

"உடையப்பன்" என்றார். "அவன் பேச்சைத்தான் மற்றவர்கள் கேட்பார்கள்" என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த இரண்டாவது பேச்சை யாரும் அவரிடம் கேட்கவே இல்லை. அதை நினைத்தால் அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். உடையப்பனின் விசா மட்டும் ரத்தானது. விமான நிலையத்துக்குப் போகும் வேனில் அவனுடைய பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையும் சிவகுருநாதன் தலையில்தான் விழுந்தது. தலையைக் குனிந்தபடியே ஜன்னல் வழியாக நீட்டினார்.

உடையப்பன் குரலைத் தாழ்த்தினான். "பயப்படாதீங்க சார். சொல்லிக்குடுத்தது யாருன்னு போர்மேனை விட்டு இந்தில துருவித் துருவிக் கேட்டாங்க. பேரைச் சொன்னா இங்கயே வச்சுக்கிறோம்னாங்க. ஒங்க பேர நான் எடுக்கவே இல்ல. நீங்க புள்ளகுட்டிக்காரரு."

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. காட்டிக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"சரி, கவனமாப் போ" என்றுதான் வந்தது.

உடையப்பன் அதற்கும் ஒரு கும்பிடு போட்டான்.